வேலைக்குப் போய்வரும் ஊர்கள் எப்படி வளர்கின்றன, எப்படி வயதாகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருநகரத்தில் வேலை, அதற்கு வெளியே எங்கோ வீடு. காலையில் ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்களால் நிரம்பிய ஊர்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவை முளைப்பது, பெருப்பது, சில சமயம் வாடுவது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, ஆனால் வயதைப் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எல்லாப் புறநகரும் இந்த வகைதானா?

இல்லை. ஊர் பெரிதா சிறிதா, நகரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இதைத் தீர்மானிப்பதில்லை. இரவில் அங்கே தூங்குகிறவர்கள் எத்தனை பேர், பகலில் அங்கே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தாலே போதும். ஜப்பானில் இதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே கணக்கிடுகிறார்கள். டோக்கியோவை ஒட்டிய சைதாமா, சிபா மாகாணங்களில் இரவில் 100 பேர் இருந்தால் பகலில் 90 பேர்கூட இருப்பதில்லை. இது மாகாணம் முழுமைக்குமான சராசரி. தனித்தனி ஊர்களை எடுத்தால் பகலில் இன்னும் காலியாக இருப்பவையும் உண்டு. இந்த இடைவெளிதான் இந்த ஊர்களின் அடையாளம், இவற்றின் பாதிப் பிரச்சினைகளுக்கு வேரும் அதுதான்.

முதலில் வருவது ரயிலா, வீடா?

இரண்டும் நடந்திருக்கின்றன. விளைவுதான் வேறு வேறு.

ரயில் முதலில் வந்ததற்குப் பழைய உதாரணம் லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள சர்பிட்டன். 1838-இல் சவுத்தாம்ப்டன் நோக்கிப் போட்ட பாதை பக்கத்திலிருந்த பழைய ஊரான கிங்ஸ்டன் வழியாகப் போகவில்லை. குதிரைக் கோச்சு வண்டிகளின் வருமானம் போய்விடும் என்று அங்குள்ளவர்கள் எதிர்த்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஸ்டேஷன் கொஞ்சம் தள்ளி வயல்வெளியில் வந்தது, அதைச் சுற்றி ஒரு புது ஊரே எழுந்துவிட்டது. கிங்ஸ்டனுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டேஷன் கிடைக்க 1863 வரை ஆயிற்று, அதற்குள் வேலைக்குப் போகிற கூட்டம் சர்பிட்டனில் நன்றாகவே குடியேறிவிட்டது.

ரயில் கம்பெனிகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? லண்டனின் மெட்ரோபாலிட்டன் ரயில்வே 1915-இலிருந்து தன் பாதையோரக் கிராமங்களுக்கு 'மெட்ரோலேண்ட்' என்று பெயர் வைத்து விளம்பரப் புத்தகம் போட்டது, 1919-இல் வீட்டுமனைகளுக்கென்றே தனிக் கம்பெனி தொடங்கியது. அதற்கும் முன்னால் ஜப்பானில் கோபயாஷி இசிஸோ செய்தது இன்னும் சாமர்த்தியம். ஒசாகாவிலிருந்து ஆள் அதிகம் இல்லாத பக்கமாக 1910-இல் ரயில் விட்டார். பயணிகள் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டவர்களுக்குப் பதிலாக, பாதையோர நிலத்தை முன்பே வாங்கி வீடு கட்டி மாதத் தவணையில் விற்றார். பாதையின் மறுமுனையான தகராசுகாவில் வெந்நீர்க் குளியல் இடமும், அப்புறம் 1914-இலிருந்து பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவும் வந்தன. ஒசாகா முனையில் ஸ்டேஷனிலேயே 1929-இல் டிபார்ட்மென்ட் ஸ்டோர். காலையில் நகரத்துக்குப் போகும் ரயில் எதிர்த்திசையிலும் விடுமுறை நாட்களிலும் காலியாக ஓடக்கூடாது என்பதுதான் அவர் கணக்கு. ஹாங்காங் மெட்ரோ இன்றைக்கும் கிட்டத்தட்ட இதே வழியில்தான், ஸ்டேஷன் மேலும் பக்கத்திலும் கட்டடம் எழுப்பி, பாதை போட்ட காசை எடுக்கிறது.

வீடு முதலில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், மும்பைக்கு எதிர்க்கரையில் திட்டமிட்டு எழுப்பிய நவி மும்பை. அதைக் கட்டுவதற்கான அரசு நிறுவனமான சிட்கோ 1970-இல் உருவானது, கடற்கழியின் மேல் பாலம் 1973-இல் திறந்தது, லோக்கல் ட்ரெயின் அங்குள்ள வாஷி பகுதிக்கு வந்தது 1992-இல். நடுவில் போன அந்த வருஷங்களில் அங்கே குடியேறியவர்கள் பஸ்ஸையும் அந்த ஒற்றைப் பாலத்தையும் நம்பித்தான் வேலைக்குப் போனார்கள். டோக்கியோவுக்கு மேற்கே தாமா நியூ டவுனிலும் முதல் குடும்பங்கள் 1971-இல் வந்துவிட்டன, ரயில் 1974-இல்தான் வந்தது.

என் கருத்து: எது முதலில் என்பதைவிட, பாதை வருவதால் ஏறும் நில மதிப்பு யார் கைக்குப் போகிறது என்பது முக்கியம். அதில் ஒரு பங்கு ரயிலுக்கோ ஊருக்கோ திரும்பினால் அடுத்த பாதையும் பள்ளியும் வரும். எல்லாம் இடையில் மனை வாங்கி விற்றவர் பைக்குப் போனால், ஊர் வாயையும் வயிற்றையும் கட்டித்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கும்.

நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை இப்படி ஊர்கள் முளைக்கும்?

கிலோமீட்டரில் கேட்டால் பதில் இல்லை, நிமிடத்தில் கேளுங்கள். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994-இல் எழுதிய ஒரு கட்டுரையால் பிரபலமான கருத்து இது: மனிதர்கள் சராசரியாக ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், வாகனம் வேகமானால் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, இன்னும் தூரத்தில் போய்க் குடியேறுகிறார்கள். நடந்து திரிந்த காலத்து நகரம் சில கிலோமீட்டருக்குள் அடங்கியது, டிராம் வந்ததும் விரிந்தது, மின்ரயில் வந்ததும் இன்னும் விரிந்தது. இது சராசரிதான். ஒரு பக்கத்துக்கே இரண்டு மணி நேரம் போகிறவர்கள் எல்லாப் பெருநகரத்திலும் இருக்கிறார்கள், பெரும்பாலும் விருப்பப்பட்டு அல்ல.

ரயிலில் போகும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பது இன்னொரு தவறு. வீட்டிலிருந்து ஸ்டேஷன், அங்கே காத்திருப்பு, இறங்கிய பிறகு அலுவலகம் வரை எல்லாம் சேர்ந்ததுதான் பயணம். அதனால்தான் திட்டமிடுபவர்கள் ஸ்டேஷனைச் சுற்றி பத்து நிமிட நடை, அதாவது சுமார் 800 மீட்டர் வட்டத்தை அவ்வளவு உயர்வாகப் பேசுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் கார் நிறுத்துமிடமும் கிடங்கும் உட்கார்ந்துவிட்டால், ஊர் தன் நல்ல நிலத்தைத் தானே வீணாக்கியதாகத்தான் அர்த்தம். இடத்தை ஒருதரம் கொடுத்துவிட்டால் திரும்ப எடுப்பது சுலபமில்லை.

எந்த மாதிரி ஆட்கள் வந்து குடியேறுகிறார்கள் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

டிக்கெட் கட்டணம் பாதியைத் தீர்மானிக்கிறது. 1883-இல் பிரிட்டன் 'மலிவு ரயில் சட்டம்' கொண்டுவந்து, தொழிலாளர்களுக்கு அதிகாலையில் குறைந்த கட்டண ரயில் விடச் சொன்னது. வடகிழக்கு லண்டன் பக்கம் அப்படிப்பட்ட ரயில்கள் நிறைய ஓடியதால் வால்தம்ஸ்டோ, எட்மன்டன் போன்றவை தொழிலாளர் ஊர்களாக நெருக்கமாக வளர்ந்தன. அந்தச் சலுகையை அவ்வளவாகக் கொடுக்காத மற்றப் பாதைகளின் ஓரம் பெரிய தோட்டத்துடன் வீடுகள் எழுந்தன.

மீதிப் பாதியை விதிகள் தீர்மானிக்கின்றன: குறைந்தபட்ச மனை அளவு, அடுக்குமாடிக்கு அனுமதி உண்டா, வாடகைக்கு விடலாமா. சில இடங்களில் பச்சையாகவே எழுதி வைத்தார்கள். நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுனில், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைத் தொழிற்சாலை வரிசை முறையில், வேலையைச் சுமார் 27 படிகளாகப் பிரித்துக் கட்டினார்கள். ஆனால் வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று சொன்ன பிறகும் நடைமுறை மாறவில்லை. அதன் தடம் பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த ஊரின் மக்கள்தொகைக் கணக்கில் தெரிந்தது. முதலில் யாரை உள்ளே விட்டார்கள் என்பது அவ்வளவு ஆழமாகப் பதிகிறது.

புது ஊரில் கடையும் ஆஸ்பத்திரியும் ஏன் இவ்வளவு தாமதம்?

ஆள் சேராமல் கடை வராது, கடை வராமல் ஆள் சேரத் தயங்கும். அதோடு, பகலில் ஊரில் ஆளே இல்லை. சம்பாதிக்கிறவர் நகரத்தில் சாப்பிட்டு, அங்கேயே சாமான் வாங்கி, வழியில் ஸ்டேஷன் கடையில் மீதியை முடித்துக்கொண்டு வருகிறார். பத்தாயிரம் பேர் தூங்கும் ஊரில் பகல் வியாபாரம் அதில் பாதி அளவு ஊருக்கானதாகத்தான் இருக்கலாம்.

நகராட்சிக்கும் இதே தலைவலி. வீடுகளிலிருந்து வரும் வரி குறைவு, வீடுகள் கேட்கும் பள்ளி, தண்ணீர், பாதாள சாக்கடை, குப்பை வண்டி எல்லாம் அதிகம். அலுவலகக் கட்டடங்களின் வரியோ நகரத்துக்குப் போகிறது. முன்னே சொன்ன தாமாவில் நகராட்சி 1970-களின் முற்பகுதியில் இந்தச் செலவு தாங்காமல் புது வீட்டுக் கட்டுமானத்துக்குச் சில காலம் முட்டுக்கட்டை போட்டது. அது பிடிவாதம் இல்லை, அந்த ஊருக்கு வேறு வழி தெரியவில்லை.

ஊருக்கு வயதாகும் என்றால் என்ன அர்த்தம்? கட்டடம் பழசாவதா?

கட்டடமும்தான். ஆனால் பெரிய விஷயம் மனிதர்கள். பழைய ஊரில் எல்லா வயதினரும் கலந்திருப்பார்கள், ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் இன்னொரு வீட்டில் சாவு. ஒரே மூச்சில் கட்டி, ஒரே மாதிரி வீடுகளை, ஒரே மாதிரிக் கடனில், நாலைந்து வருஷத்துக்குள் விற்றுத் தீர்த்த ஊரில் அப்படி இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் முப்பது வயதை ஒட்டியவர்கள், கைக்குழந்தையுடன் வருகிறவர்கள்.

அதன் பிறகு நடப்பதை முன்கூட்டியே எழுதிவிடலாம். ஐந்தாவது வருஷம் தொடக்கப் பள்ளியில் இடம் கிடைக்காது, வராந்தாவிலும் தகரக் கொட்டகையிலும் வகுப்பு நடக்கும். பதினைந்தாவது வருஷம் ஊர் முழுக்கப் பதின்ம வயதுப் பிள்ளைகள், அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. இருபத்தைந்தாவது வருஷம் அந்தப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியேறுகிறார்கள், திரும்பி வந்தாலும் அந்த ஊரில் அவர்கள் வாங்கும் விலையில் சின்ன வீடு கிடையாது. அடித்துப் பிடித்துக் கட்டிய பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. முப்பத்தைந்தாவது வருஷம் காலை ரயிலில் கூட்டம் குறைகிறது, ஏனென்றால் முதலில் வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓய்வு பெறுகிறார்கள்.

தாமா நியூ டவுன் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 1965-இல் திட்டம் முடிவாகி, சுமார் மூன்று லட்சம் பேருக்கென்று மலைச்சரிவுகளில் எழுப்பிய ஊர் அது. முதல் கட்டக் குடியிருப்புகளில் பல ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. முப்பது வயதில் மாடிப்படி ஒரு பொருட்டே இல்லை, எழுபது வயதில் அதே படிகள் ஒருவரை வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டுவிடும். நடப்பவர்களையும் வாகனங்களையும் பிரிக்கப் போட்ட மேம்பாலங்களும் படிக்கட்டுகளும் கட்டியபோது எல்லோரும் பாராட்டியவை, இன்று முதியவர்களுக்கு அவையே இடைஞ்சல். பழைய கட்டடங்களை இடித்து, வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் கட்டி, புதிதாக இளம் குடும்பங்களை இழுக்கும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது. சுவா பகுதியில் 640 வீடுகள் இருந்த தொகுப்பு 2013-இல் 1,249 வீடுகளாக எழுந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான உரிமையாளர்களை ஒரே முடிவுக்குக் கொண்டுவருவது எவ்வளவு வருஷ வேலை என்பது, ஒரு அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பழுதுபார்ப்புக்குப் பணம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தடுக்க வழி உண்டா? உண்டு, ஆனால் அதைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். ஊரை இருபது முப்பது வருஷத்துக்குப் பரப்பிக் கட்டுவது, ஒரே தெருவில் சின்ன வீடு, பெரிய வீடு, வாடகை வீடு எல்லாம் கலந்து வைப்பது, பள்ளிக் கட்டடத்தை நாளை முதியோர் மையமாகவோ மருத்துவமனையாகவோ மாற்றும்படி கட்டுவது, கொஞ்சம் நிலத்தை யாருக்கும் கொடுக்காமல் சும்மா வைத்திருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் செய்யக் கடினம். காலி நிலத்தைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருப்பதில்லை.

ஊருக்குள்ளேயே வேலை கொண்டுவந்தால் தீராதா?

ஓரளவு தீரும். ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே 1954-இல் திறந்த வேலிங்பியில் வேலை, வீடு, கடைவீதி மூன்றும் ஒரே இடத்தில் என்பதுதான் அடிப்படைக் கொள்கை. நடுவில் மெட்ரோ ஸ்டேஷன், அதைச் சுற்றி உயரமான கட்டடங்கள், தள்ளிப்போகப் போகத் தாழ்ந்த வீடுகள். உலகம் முழுக்கத் திட்டமிடுபவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆனால் அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வெளியேதான் போனார்கள், அங்கிருந்த வேலைகளில் நிறைய வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் போயின. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ரயில் இரு திசையிலும் நிரம்பி ஓடியது, பகலில் ஊர் உயிரோடு இருந்தது.

ஏன் அப்படி ஆனது என்றால், வேலையை மனிதர்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுப்பதில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் வேலை பார்த்தால் இருவர் அலுவலகமும் ஒரே ஊரில் இருப்பது அபூர்வம். அப்புறம், வேலை மாறும்போது வீட்டை மாற்றுவதில்லை.

தூங்கும் ஊர் என்ற பெயரை முழுசாகவே துடைத்தவையும் உண்டு. இங்கிலாந்தில் புதுநகரமாக 1967-இல் அறிவிக்கப்பட்ட மில்டன் கீன்ஸுக்கு இன்று வெளியே போகிறவர்களைவிட உள்ளே வேலைக்கு வருகிறவர்கள் அதிகம். லண்டனின் தெற்கே கிராய்டன் 1956-இல் தனிச் சட்டம் வாங்கி, 1960-களில் அலுவலகக் கோபுரங்களை அடுக்கியது. ஆனால் அரை நூற்றாண்டு கழித்து அவற்றில் பல காலியாகி, 2013-இல் விதி தளர்ந்ததும் ஃப்ளாட்டுகளாக மாறின. வேலைக்காகக் கட்டிய கட்டடம் மறுபடி தூங்கும் இடமானது.

ரோட்டை அகலப்படுத்தினால் நெரிசல் தீருமா?

தீராது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவேயை 2008 வாக்கில் விரித்து முடித்தார்கள், பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். சில வருஷத்துக்குள் பீக் அவர் பயண நேரம் மறுபடி ஏறிவிட்டது. சாலை வேகமானதும் அதன் ஓரமாக இன்னும் தள்ளி வீடுகள் எழுந்தன, அவர்களும் அதே சாலையில்தான் வருகிறார்கள். மார்கெட்டி கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது. ஊருக்குள் கடைத்தெரு வரை போகும் சின்னச் சாலைகள், நடைபாதை, ஸ்டேஷனுக்கு இணைப்பு பஸ் ஆகியவற்றுக்குச் செலவழித்தால் குறைந்த காசில் அதிகப் பலன் கிடைக்கும், ஆனால் அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது.

கடைசியில் பெருநகரம் இந்த ஊரை விழுங்கிவிடுமா?

பல இடங்களில் விழுங்கியிருக்கிறது. 1965-இல் கிரேட்டர் லண்டன் உருவானபோது மெட்ரோலேண்ட் காலத்தில் வளர்ந்த ஹாரோ அதற்குள் போனது. சர்பிட்டன் எந்த ஊருக்குப் போனது தெரியுமா? ரயில் வேண்டாம் என்றதாகச் சொல்லப்படும் அதே கிங்ஸ்டன் பெருநகராட்சிக்குள்.

தடுக்கப் போட்ட வேலிகளும் உண்டு. லண்டனைச் சுற்றிப் பசுமை வளையத்துக்கு 1938-இல் சட்டம் வந்தது, 1955-இல் மற்ற நகரங்களுக்கும் விரிந்தது. வயல்வெளி மிஞ்சியது உண்மை. ஆனால் வீடு தேடுகிறவர்கள் வளையத்தைத் தாண்டிக் குதித்து இன்னும் தூரத்தில் குடியேறினார்கள், பயணம் நீண்டது. கோபன்ஹேகன் 1947-இல் வேறு மாதிரி யோசித்தது: ரயில்பாதையோரமாக ஐந்து விரல்போல ஊர் நீளட்டும், விரல்களுக்கு நடுவே பசுமை இருக்கட்டும் என்று திட்டம் போட்டது. எனக்கு இந்த இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. வளர்ச்சியை நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டு, அது எந்தத் திசையில் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

வீட்டிலிருந்தே வேலை என்றாகிவிட்டதே, இனி இந்த ஊர்களுக்கு என்ன ஆகும்?

2020-க்குப் பிறகு தினமும் போகாமல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் போகிறவர்கள் பெருகினார்கள். பிரிட்டனில் 2021 ஜூனிலிருந்து 28 நாளில் எட்டு நாள் மட்டும் பயணிக்கும் சீசன் டிக்கெட்டே வந்தது. இதனால் இரண்டு எதிரெதிர் விஷயங்கள் நடக்கின்றன. வாரம் இரண்டு தடவைதானே என்று மக்கள் இன்னும் தூரம் போகிறார்கள். அதே நேரம் முன்பு பகலில் காலியாகக் கிடந்த ஊரில் மதியம் ஆள் நடமாட்டம் தெரிகிறது, டீக்கடை, நகல் கடை, ஜிம் எல்லாம் தாக்குப்பிடிக்கின்றன. ரயில் நடத்துகிறவர்களுக்குத்தான் சங்கடம்: வாரத்தின் நடுவில் நிரம்பும் ரயிலை வெள்ளிக்கிழமையும் அதே செலவில் ஓட்ட வேண்டும்.

ஒரு ஊர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீடு வாங்க யோசிக்கிறேன்.

விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், வேலை நாளில் போய்ப் பாருங்கள். காலை பதினொரு மணிக்கு ஸ்டேஷன் தெருவில் எத்தனை கடை திறந்திருக்கிறது, உள்ளே யார் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பள்ளி வாசலில் விடும் நேரத்தில் நில்லுங்கள். கூட்டம் வழிந்தால் ஊர் இளமையாக இருக்கிறது, ஆனால் சேர்க்கை கிடைக்காது. பள்ளிகளை இணைக்கிறோம் என்ற அறிவிப்பு தொங்கினால் முதல் அலை கடந்துவிட்டது, விலை பேச உங்களுக்கு இடம் இருக்கிறது, அடுத்த அலை வருமா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஸ்டேஷனைச் சுற்றி இடித்துக் கட்டும் வேலை நடக்கிறதா, வாடகைக்குச் சின்ன வீடுகள் கிடைக்கின்றனவா என்பது அதற்கு அறிகுறி.

சாயங்காலம் எதிர்த்திசையில் நகரத்துக்குப் போகும் ரயிலையும் ஒருமுறை பாருங்கள். அதில் உட்கார இடம் இல்லாவிட்டால் அந்த ஊருக்கு வேலைக்கு வந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பாதை வரப்போகிறது என்ற பேச்சை நம்பி வாங்குவதானால், டெண்டர் விட்டாயிற்றா, நிலம் எடுத்தாயிற்றா என்று விசாரியுங்கள். வரைபடத்தில் போட்ட கோட்டுக்கும் பிளாட்பாரத்தில் நிற்கும் ரயிலுக்கும் நடுவில் இருபது வருஷம்கூடப் போகலாம், வாஷிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.